முதல் பிரசவத்தில் உயர் ரத்த அழுத்தம், பரிசோதனையில் ‘புரோட்டீன் எஸ்’ குறைவு: அடுத்த கர்ப்பம் முழுவதும் ஊசி போட வேண்டுமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவர் தன் அத்தை மகனை மணந்தவர். முதல் கர்ப்பத்தில் ஏழாம் மாதம்வரை பெரிய தொல்லை எதுவும் இல்லை. 31ஆவது வாரத்தில் முகமும் காலும் வீங்கின. நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தது. வாயு என்று எண்ணி இரண்டு நாள் ஓமத் தண்ணீர் குடித்துச் சமாளித்தார். மூன்றாம் நாள் விடாத தலைவலியோடு மருத்துவமனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் 170/110; சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். மறுநாள் சிசேரியன் செய்யப்பட்டது. 1,100 கிராம் எடையுடன் பிறந்த ஆண் குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது.

பிரசவமான மூன்றாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘புரோட்டீன் எஸ் (ரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் தடுக்கும் புரதம்) 36 சதவீதம், குறைவு’ என்றும், ‘எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளது’ என்றும் வந்திருக்கிறது. அவருடைய தந்தைக்கு 54 வயதில், கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது, தொடை ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். “உங்கள் ரத்தம் கெட்டியாவதால்தான் பிரஷர் ஏறியது, அடுத்த முறை கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பிரசவம்வரை தினமும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட வேண்டும்” என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் ஊசி தேவையில்லை என்கிறார். வீட்டில் மாமியார், “உன் அப்பன் வீட்டு வியாதி என் பேரனைக் கொண்டுபோய்விட்டது” என்கிறார். குழந்தை இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது கருத்தடை மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் சாப்பிட்டுவருகிறார். ஊசி வேண்டுமா, இந்த நோய் குழந்தைக்கும் வருமா, தான் இன்னொரு முறை கருத்தரிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

ஒன்பது நாள் கையில் வைத்திருந்த பிள்ளையை இழந்த பிறகு, அதற்கான காரணமும் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்பது உங்கள் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், நடந்ததற்குக் காரணம் கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோயான பிரீஎக்ளாம்ப்சியா. ரத்த உறைவுக் கோளாறு உங்களுக்கு இருக்கிறது என்பதே இன்னும் நிரூபணமாகவில்லை. இதை விளக்குவதற்கு முன்னால், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். ஊசியைப் பற்றிய கேள்வியைவிட அதுதான் அவசரமானது.

முதலில், இப்போது சாப்பிடும் இரண்டு மாத்திரைகள்

டெல்மிசார்டன் நல்ல ரத்த அழுத்த மாத்திரைதான். ஆனால் கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு உரியதல்ல. கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தால் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரை வற்றச் செய்யும். லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, அடுத்த குழந்தைக்குத் தயாராகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவற்றில் உங்களுக்கு ஏற்றதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன்பே கரு தங்கிவிட்டால் பதற வேண்டாம். அது கருவைக் கலைக்க வேண்டிய காரணம் ஆகாது. உடனே மாத்திரையை மாற்றி, ஐந்தாம் மாத ஸ்கேனைக் கவனமாகச் செய்துகொண்டால் போதும்.

இரண்டாவது, கருத்தடை மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மாலா வகையைப் போல ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையென்றால், அது மூன்று வழிகளில் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது: ரத்த அழுத்தத்தைக் கூட்டும், ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், புரோட்டீன் எஸ் அளவையும் தாழ்த்திக் காட்டும். ரத்த அழுத்தம் உள்ள, உறைவுக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகிக்கப்படுகிற ஒருவருக்கு இந்த மாத்திரையை எந்த வழிகாட்டு நெறியும் பரிந்துரைப்பதில்லை. இதை நிறுத்திவிட்டு, டெல்மிசார்டன் மாறி, பரிசோதனைகள் முடியும்வரை ஆணுறையைப் பயன்படுத்துங்கள். தள்ளிப்போட இன்னும் சில ஆண்டுகள் வேண்டுமென்றால் காப்பர்-டி உங்களுக்குப் பொருத்தமானது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ரத்தம் கெட்டியாவதால் பிரஷர் ஏறும் என்பது பலரும் நம்புகிற செய்தி. பிரீஎக்ளாம்ப்சியா அப்படி உண்டாவதில்லை. கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சுக்கொடி கருப்பையின் சுவருக்குள் இறங்கும்போது, தாயின் சிறிய தமனிகள் அகன்று, நிறைய ரத்தத்தைத் தடையில்லாமல் விட வேண்டும். சிலருக்கு இந்த அகலிப்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது. ரத்தம் போதாமல் திணறும் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கலக்கிறது. அவை உடம்பெங்கும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. அதனால்தான் அழுத்தம் ஏறுவதோடு சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது, கல்லீரல் வீங்குகிறது, மூளை பாதிக்கப்பட்டால் வலிப்பு வருகிறது. நீங்கள் வாயு என்று நினைத்த நெஞ்சுக்குழி வலி, பெரும்பாலும் கல்லீரல் வீக்கத்தின் வலியாகவே இருந்திருக்கும். அதை அப்போது அறியாததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்; அது அப்படியே வாயு வலியைப் போலத்தான் இருக்கும்.

உறைவுக் கோளாறுக்கும் இதற்கும் முடிச்சுப் போடப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பிரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களின் நஞ்சுக்கொடியில் சிறு சிறு உறைவுகள் காணப்பட்டன. 1994இல் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ‘ஃபேக்டர் V லைடன்’ என்ற மரபணு மாற்றமும், இரண்டாண்டு கழித்து புரோத்ராம்பின் மரபணு மாற்றமும் கண்டறியப்பட்டபோது, கர்ப்ப இழப்புகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பரவி, உலகெங்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஹெபாரின் ஊசி கொடுக்கப்பட்டது. பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. உறைவுக் கோளாறு உள்ள 292 கர்ப்பிணிகளை வைத்து நடந்து 2014இல் வெளியான ‘டிப்ஸ்’ ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பிரீஎக்ளாம்ப்சியா, கர்ப்ப இழப்பு, உறைவு எதிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. உறைவுக் கோளாறோடு மீண்டும் மீண்டும் கரு கலைந்தவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ‘அலைஃப்-2’ ஆய்விலும், உயிருள்ள குழந்தை பெற்றவர்களின் விகிதம் ஊசி போட்டவர்களிடம் 72 சதவீதம், போடாதவர்களிடம் 71 சதவீதம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் வெளியான ‘ஃப்ரூட்’ ஆய்வில், 34 வாரத்துக்கு முன்பே பிரசவித்த, பரம்பரை உறைவுக் கோளாறு உறுதியான 139 பெண்களில், ஆஸ்பிரினோடு ஹெபாரினும் பெற்றவர்களுக்கு 34 வாரத்துக்கு முன் ரத்த அழுத்த நோய் திரும்பவில்லை. ஆனால் மொத்தத்தில் ரத்த அழுத்தம் வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. உங்களுக்கு ஊசி எழுதிய மருத்துவர் இதை மனத்தில் வைத்திருக்கலாம். அவர் ஆதாரமே இல்லாமல் பேசுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிறிய ஆய்வின் பலன்கூட, கோளாறு உறுதியானவர்களுக்குத்தான் பொருந்தும்.

அந்த 36 சதவீதம்

புரோட்டீன் எஸ் என்பது ரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் தடுக்கும் இயற்கையான புரதம். சாதாரண நாளில் அது 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆய்வகம் உங்கள் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் அளவுகோலும் அதுதான். ஆனால் கர்ப்பத்தில், நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கும் இந்தப் புரதம் பாதியாகச் சரியும். கடைசி மாதங்களில் 24 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்கிறது. பிரசவமான மூன்றாம் நாள் உடம்பு இன்னும் கர்ப்ப நிலையிலேயே இருக்கும். ஆகவே உங்கள் 36 சதவீதத்தை வைத்து யாரும் உங்களுக்குப் பரம்பரை நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. கருத்தடை மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாவது கழித்து, ‘ஃப்ரீ புரோட்டீன் எஸ்’ பரிசோதனையைச் செய்யுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இதே வேலையைச் செய்யும் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் என்ற புரதங்கள் இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஃபேக்டர் V லைடன் ஐரோப்பியர்களிடம் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் காணப்பட்டாலும் நம் மக்களிடம் அரிது.

அறிக்கையின் இரண்டாவது வரியான எம்.டி.எச்.எஃப்.ஆர். மாற்றத்தை மறந்துவிடுங்கள். மக்களில் பலரிடம் இருக்கும் அந்த மாற்றம் உறைவையும் உண்டாக்குவதில்லை, ரத்த அழுத்தத்தையும் உண்டாக்குவதில்லை. அதைப் பரிசோதிக்கவே தேவையில்லை என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. வழக்கமான ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே சாப்பிட்டால் போதும்.

தந்தைக்கு வந்த உறைவைப் பற்றியும் ஒரு திருத்தம். எலும்பு முறிந்து வாரக்கணக்கில் கால் அசையாமல் கிடந்தால், எந்தக் கோளாறும் இல்லாதவருக்கும் ரத்தம் உறையும். காரணமே இல்லாமல், இளம் வயதில் வந்த உறைவு என்றால்தான் குடும்பக் கோளாறைத் தேடத் தோன்றும்.

ஊசியைத் தீர்மானிக்கும் பரிசோதனை

உங்களுக்குச் செய்ய வேண்டிய முக்கியமான பரிசோதனை ஒன்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் பேச்சே இல்லை. ‘ஆன்டிபாஸ்போலிப்பிட்’ கோளாறு என்பது பரம்பரையாக வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி திசைமாறி உண்டாக்கும் எதிர்ப்புரதங்களால் வருவது. 34 வாரத்துக்கு முன் கடுமையான பிரீஎக்ளாம்ப்சியாவால் பிரசவம் நிகழ்வது அதன் அடையாளங்களுள் ஒன்று. லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், கார்டியோலிப்பின் எதிர்ப்புரதம், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்புரதம் என்ற மூன்றையும் பார்த்து, ஏதேனும் ஒன்று பாசிட்டிவாக இருந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் பாசிட்டிவ் என்றால் ஆஸ்பிரினும் ஹெபாரினும் சேர்ந்த சிகிச்சை உங்களுக்கு உண்மையிலேயே உரியது. அப்போது ஊசிக்குத் தயங்காதீர்கள்.

மூன்றும் நெகட்டிவாகி, புரோட்டீன் எஸ் குறைவு மட்டும் உறுதியானால் நிலைமை வேறு. அப்போது ஊசியின் வேலை உங்கள் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையாமல் காப்பது. ரத்த அழுத்தத்தைத் தடுப்பது அதன் வேலை இல்லை. உறைவு அபாயம் மிக அதிகமாக இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில். அந்த ஆறு வாரம், அதுவும் மறுபடி சிசேரியன் என்றால், ஊசி போடச் சொல்வேன். கர்ப்ப காலத்திலும் வேண்டுமா என்பதை உங்கள் எடை, படுக்கையில் இருக்க நேர்கிறதா, குறைவு எவ்வளவு என்பதையெல்லாம் வைத்து ரத்தநோய் மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். எல்லாப் பரிசோதனையும் இயல்பாக வந்தால், தினம் சில நூறு ரூபாய் கொடுத்து எட்டு மாதம் வயிற்றில் குத்திக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஹெபாரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவதில்லை, அந்த வகையில் பாதுகாப்பானதே. என்றாலும் ஊசி போட்டு 12 மணி நேரம் ஆகாமல் முதுகில் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்பதால், அவசர சிசேரியனில் அது சிக்கலாகும்.

குழந்தைக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். புரோட்டீன் எஸ் குறைவு உண்மையானால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி வருகிறவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள். ஆனால் நீங்கள் அத்தை மகனை மணந்திருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைவு உங்கள் தந்தை வழியில் வந்ததென்றால், அவருடன் பிறந்த உங்கள் மாமியாருக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பும், உங்கள் கணவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பும் உண்டு. பெற்றோர் இருவருக்கும் குறைவு இருந்து, இருவரின் குறையுள்ள மரபணுவையும் ஒரே குழந்தை பெற்றால், பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோல் கருநீலமாகி ரத்தம் உறையும் கடுமையான நோய் வரக்கூடும். மிக அரிதானது, ஆனால் முன்பே தெரிந்திருந்தால் சிகிச்சைக்குத் தயாராக இருக்கலாம். ஆகவே உங்களுக்குக் குறைவு உறுதியானால் மட்டும், கணவருக்கும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

“உன் அப்பன் வீட்டு வியாதி” என்று சொல்லும் உங்கள் அத்தைக்கும் அது பிறந்த வீடுதானே. அவரும் பேரனை இழந்தவர். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, பேரனைப் பறித்தது எந்த நோய் என்பதை மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது

பிரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அது திரும்பும். உங்களைப் போல 34 வாரத்துக்கு முன்பே பிரசவித்தவர்களுக்கு நான்கில் ஒருவர் அளவுக்குத் திரும்பலாம். மேலும், பிரசவமாகி ஒன்றரை ஆண்டு கழித்தும் மாத்திரை தேவைப்படுகிறது என்றால், உங்களுக்கு இப்போது நிரந்தர ரத்த அழுத்தம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கருத்தரிப்பதற்கு முன்பே சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீரக ஸ்கேன், இ.சி.ஜி. ஆகியவற்றைப் பாருங்கள், சிறுநீரக நோய் மறைந்திருந்து ரத்த அழுத்தமாக வெளிப்படுவது உண்டு. முதல் பிரசவத்தின் முழு மருத்துவக் குறிப்புகளும் வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க மருத்துவர் கடமைப்பட்டவர், தயங்காமல் கேளுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும், ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிந்த மருந்து ஆஸ்பிரின். 2017இல் வெளியான ‘ஆஸ்ப்ரி’ ஆய்வில், அபாயம் அதிகமுள்ள பெண்கள் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆவது வாரம்வரை இரவில் 150 மில்லிகிராம் சாப்பிட்டபோது, 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. 16 வாரம் கடந்து தொடங்கினால் பலன் வெகுவாகக் குறையும்; ஏனென்றால் நஞ்சுக்கொடி வேரூன்றும் காலம் அதற்குள் முடிந்துவிடுகிறது. நாள் தவறாமல் சாப்பிடுபவர்களுக்கே முழுப் பலனும் கிடைக்கும். ஒரு அட்டை சில ரூபாய் விலையுள்ள மாத்திரை என்பதாலோ என்னவோ, இதற்கு உரிய மதிப்பு நம்மிடையே கிடைப்பதில்லை. இதை இதய நோய்க்கான மாத்திரை என்று மருந்துக் கடையிலோ உறவினர்களோ பயமுறுத்தினால் நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணோ ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான்காம் மாதத்திலிருந்து கொடுக்கப்படும் கால்சியம் மாத்திரையும் உதவும். அதை இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் சாப்பிடுங்கள்.

ரத்த அழுத்தத்தை 140/90க்குக் கீழே வைத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது என்பதை அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வு உறுதிப்படுத்தியது. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 140/90 தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 160/110 என்றால், அல்லது விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போன்ற ஒளி, நெஞ்சுக்குழி வலி, குழந்தையின் அசைவுக் குறைவு இவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழைத்துவிடுங்கள்.

கடந்த முறை உப்பில்லாக் கஞ்சி குடித்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரில் இறங்கியது புரதம். உப்பை அறவே ஒதுக்குவதால் இந்த நோய் தடுக்கப்படுவதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துக்கொண்டு வழக்கம்போலச் சாப்பிடுங்கள். நாள் முழுவதும் படுத்தே இருப்பதும் உதவாது. உறைவு அபாயத்தைத்தான் கூட்டும்.

ஐந்தாம் மாதத்தில் கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், ஏழாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் தேவைப்படும். பிரசவத்துக்கு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்கு ஏற்ற இடம். குறைமாதப் பிரசவம் தவிர்க்க முடியாததானால், குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியும், உங்களுக்கு வலிப்பு வராமல் காக்கும் மக்னீசியம் சல்பேட்டும் தாமதமின்றி அங்கே கிடைக்கும்.

குழந்தை பிறந்த கையோடு அபாயம் நீங்கிவிடாது. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை ரத்த அழுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகும். வீட்டுக்குப் போன பிறகும் முதல் பத்து நாள் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று நாவை நனைக்க மட்டும் கொடுக்கும் பத்திய முறை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நீர் வற்றினால் ரத்தம் உறைவது எளிதாகிறது. பிரசவித்த பெண்களுக்கு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதை நம் நாட்டில் இன்றும் பார்க்கிறோம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, கடும் தலைவலியோடு வாந்தியோ வலிப்போ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொரு முறை கருத்தரிக்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன விவரங்களில் அதைத் தடுக்கும் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகப் பரிசோதனை மோசமாக வந்தால் மட்டும் அதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கும். மாத்திரை மாறி, ரத்த அழுத்தம் சில வாரம் கட்டுக்குள் நின்று, மேலே சொன்ன பரிசோதனைகளின் முடிவுகள் கைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். அவை வந்ததும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும், தேவைப்பட்டால் ரத்தநோய் மருத்துவரிடமும் ஒரே கோப்பாகக் காட்டி, ஊசி பற்றிய முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முயற்சி செய்யுங்கள்.